மலைக் குதிரையும் அப்பாவின் விடுமுறையும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகன் சோஹெய் வணங்கி எழுதுவது. உங்கள் இடுப்புவலி எப்படி இருக்கிறது? என் உடம்பு நலம், மூளைதான் கலங்கிக் கிடக்கிறது.

உங்களுக்குக் கிடைக்கும் ஒரே விடுமுறையில் எப்போது வந்தால் மீன் பிடிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். மலைப்பனி உருகி, சரிவில் மிஞ்சும் பனி குதிரை வடிவில் தெரிந்தால் ஆறு அடங்கிவிடும் என்பது இங்கே கணக்கு. நேற்று நான் வேலை செய்யும் விடுதியின் முதலாளியம்மா மிச்சியோ மலையைக் காட்டி, "குதிரை வந்தாச்சு. உங்கப்பாவ உடனே வரச் சொல்லு" என்றார்.

சமையல்கார இவாவோ அண்ணன் விடவில்லை. "அது குதிரையா? வாலையே காணோம். கண்ணாடிய மாத்துங்கக்கா. ஜூன்ல வரச் சொல்லுடா."

"இந்த வருஷம் பனியே கம்மி. ஜூன்ல ஆத்துல கணுக்கால் தண்ணிதான் இருக்கும், அதுவும் சூடாயிடும். மீனு உன் சட்டியிலயா வந்து நிக்கும்?" என்றார் முதலாளியம்மா.

"நின்னா நல்லதுதானே."

என் கண்ணுக்கு அது நாய்போலத் தெரிந்தது. ஆறு அடங்கியதா என்ற சந்தேகம் தீர நானே இறங்கிப் பார்த்தேன். பனித்தண்ணீர் ஒரு பூட்ஸை வாங்கிக்கொண்டு என்னை இடுப்புவரை நனைத்து அனுப்பியது. பயப்படாதீர்கள், கரையில் நின்ற அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார்.

ஆக, இப்போது வெள்ளம், ஜூனில் வறட்சி. நடுவில் எது நல்ல நாள் என்று மலைக்கே தெரியவில்லை.

வரும்போது கம்பளிக் காலுறையும் அம்மா போட்ட பிளம் ஊறுகாயும் எடுத்துவாருங்கள். இங்குள்ள ஊறுகாயில் உப்பு போதவில்லை. உங்கள் குறட்டை இல்லாமல் தூக்கமும் சரியாக வருவதில்லை.

என்னைக் கேட்டால், இக்கடிதம் கிடைத்த மறுநாளே கிளம்புங்கள். மீன் கிடைக்காது என்பது மட்டும் உறுதி.

பாத்திரம் கழுவக் கூப்பிடுகிறார்கள்.

சோஹெய்