கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

இன்று காலை கண்ணாடியில் யாரோ வைத்திருந்த குங்குமப் பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். செய்முறைத் தேர்வு நாள். பிள்ளைகள் லேபுக்குள் நுழையும்முன் வாசலில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறார்கள். பெட்டிக்குள் எந்தச் சாமியும் கிடையாது. நீயும் நானும் சேர்ந்து செய்த மாத்திரை மெஷின்தான் இருக்கிறது. அதற்கு மேலே உன் போட்டோ. இந்த ஊரில் பூஞ்சணத்துக்குப் பயந்து பட்டுப்புடவை பீரோவுக்குள் எரியவிடுவது போல, பெட்டிக்குள்ளும் ஒரு சின்ன பல்பு. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பார்த்தால் கோயில் மாதிரியேதான் தெரிகிறது. நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரித்து முடித்ததும் என்னைப் பிடிபிடியென்று பிடித்திருப்பாய். அந்தத் திட்டுக்குப் பயந்துதான் ஒரு வருஷமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

நாம் இருவரும் ஒன்றாகத்தான் இந்தப் பார்மசி கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தோம். நான் குன்னூர்க்காரி, நீ ஊட்டி பஜார்க்காரி. மாத்திரை தயாரிப்புப் பாடத்தை நமக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பெரிய மெஷின் தனி அறையில் இருந்தது. பழுதானால் சரிசெய்ய ஆள் கீழேயிருந்து மலையேறி வரவேண்டும் என்பதால் அறையைப் பூட்டியே வைத்து, கதவுக் கண்ணாடி வழியாகப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். மெஷின் கடகடவென்று ஓடும், மாத்திரை கொட்டும், பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படம் வரைவார்கள். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் டீ டம்ளரை வைத்துவிட்டு நீ ஆரம்பித்தாய்.

"நானும் காலேஜ்ல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்தவதான் புள்ள. பாஸ் பண்ணி கம்பெனிக்குப் போனா, சூப்பர்வைசர் சக்கரத்தத் திருப்புன்னாரு. எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க. பாத்ரூம்ல போய் அழுதேன். நம்ம பிள்ளைங்களுக்கு அது வேண்டாம்டி."

நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவின் தையல் மெஷின் உதிரிபாகக் கடையில்தான் வழி பிறந்தது. கையால் சுற்றும் பழைய தையல் மெஷின் ஒன்று மூலையில் கிடந்தது. நீ அதன் சக்கரத்தைச் சுற்றினாய். ஊசி இறங்கி ஏறியது. "ஊசிக்குப் பதிலா பஞ்ச், துணிக்குப் பதிலா மருந்து மாவு. அவ்வளவுதான்டி" என்றாய். அந்த அவ்வளவுதானுக்கு நம் இரண்டு கோடை விடுமுறை போயிற்று. நடுவில் துளையுள்ள எஃகு வில்லை ஒன்று, அந்தத் துளைக்குள் மேலிருந்தும் கீழிருந்தும் நுழைந்து மாவை அழுத்தும் இரண்டு எஃகுத் தண்டுகள். வில்லைக்கு டை என்றும் தண்டுகளுக்குப் பஞ்ச் என்றும் பெயர். இவற்றைக் கடைவதற்காகக் கோயமுத்தூர் லேத் பட்டறைக்கு எத்தனை முறை போயிருப்போம். மலை இறங்கும் பஸ்ஸில் உனக்குக் குமட்டும். பர்லியார் தாண்டும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே, டையின் அளவைப் பற்றி என்னோடு சண்டை போடுவாய்.

தையல் மெஷினின் சக்கரத்தையே கழற்றிக் கைப்பிடியோடு மாட்டினோம். மாவு போடத் தகரப் புனல். மேசைமேல் வைத்தால் உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதல் மாத்திரை விழுந்த அன்று உன் அத்தா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"இது எதுக்கும்மா கேக்கும்? மூட்டு வலிக்கா?"

"ஒண்ணுக்கும் கேக்காது அத்தா. வெறும் பால் சர்க்கரையும் மாவும்தான்."

"அப்ப ரெண்டு குடு" என்று வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷ ஆயுத பூஜை நினைவிருக்கிறதா? நம் லேப் அட்டெண்டர் மணி அண்ணன் தராசு, அடுப்பு ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். நீ ஓரமாக நின்று பொரி தின்றுகொண்டிருந்தாய். மரியாதை கூடிப்போய் மனுஷர், மேலிருக்கும் பஞ்ச் தண்டின் நுனியிலேயே குங்குமத்தை வைத்துவிட்டார். மறுநாள் வகுப்பில் வந்த மாத்திரைகளிலெல்லாம் சிவப்புப் புள்ளி. பிள்ளைகள் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய். பிறகு அன்றைய பாடத்தை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி என்று எடுத்தாய். "நோயாளி வாய்க்குப் போறதுல குங்குமம் கலந்தாலும் கலப்படந்தான்" என்று, வெள்ளைத் துணி வெள்ளையாகவே வரும்வரை ஒவ்வொருவரையும் துடைக்க வைத்தாய். மணி அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த வருஷம் நீயே பஜாரில் குங்குமப் பொட்டலம் வாங்கி வந்து அவர் கையில் கொடுத்து, "சக்கரத்துல நல்லாப் பெருசா வைங்கண்ணா" என்றாய். அவருக்கு வாயெல்லாம் பல்.

பிய்ந்தது, உடைந்தது, புள்ளி விழுந்தது என்று கெட்டுப்போன மாத்திரைகளை மட்டும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைப்பாய். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி, "ஏன் இப்படி வந்துச்சு, சொல்லு" என்று கேட்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. நர்ஸ் கொடுத்த மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஓரம் பிஞ்சிருக்கு பாருடி" என்றாய். பிறகு மெதுவாக, "லீவு முடிஞ்சா பிள்ளைங்க மெஷின்ல கை வைப்பாங்கள்ல?" என்று கேட்டாய். வைப்பார்கள் என்றேன். அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன்.

நீ போன பிறகு பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "மேடம் ஞாபகமா அந்த மெஷினக் கண்ணாடிப் பெட்டியில போட்டோவோட வச்சரலாங்களா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டார். நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். உனக்கு மரியாதை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. நீ பிடித்துத் தேய்ந்த அந்தக் கைப்பிடியில் இன்னொருத்தர் கை படுவது எனக்குப் பொறுக்கவில்லை. உன்னை எனக்கென்று பூட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். போன வருஷம் கடைசி ஆண்டில் படித்த ரம்யா, அரவேணு ஊர்ப் பெண், பெட்டிக்கு முன்னால் நின்று, "ஒரே ஒரு தடவ சுத்திப் பாக்கட்டுங்களா மேடம்?" என்று கெஞ்சினாள். "பார்க்கறதுக்குத்தான் வச்சிருக்கு" என்றேன். என் வாயால் அப்படிச் சொன்னேன்.

இன்று காலை நான் பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கௌசல்யா பக்கத்தில் வந்து நின்றாள். கீழ் கோத்தகிரி எஸ்டேட்டிலிருந்து வந்து படிக்கிற பெண்.

"ஏனுங்க மேடம், இது நெசமாலுமே மாத்திரை போடுங்களா? இல்ல, சும்மா மாடலுங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. தேர்வு முடிந்ததும் மணி அண்ணனைத் திருப்புளியோடு வரச் சொன்னேன். "மேடத்துக்கு இது புடிச்சிருக்காதுங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினார். அவருக்கும் முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. பெட்டி திறந்ததும் தையல் மெஷின் எண்ணெய் வாசம் வந்தது. உன் அத்தா கடை வாசம். உன் சுடிதார் கையிலும் எப்போதும் இருந்த வாசம்.

டையின் துளைக்குள் ஒரு மாத்திரை இறுகிப்போய்க் கிடந்தது. நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வகுப்பில் கடைசியாகச் சுற்றியது நீதான். அதைச் சுத்தம்கூடச் செய்யாமல் மூடியிருக்கிறேன். அந்த மாத்திரையை முழுசாக எடுத்து வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. வரவில்லை. டையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். தண்ணீர் மெல்ல வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் துளை காலியாகிவிட்டது. பிறகு பஞ்ச் தண்டுகளில் ஏறியிருந்த துருவைத் தேய்த்தேன், வெள்ளைத் துணி வெள்ளையாக வரும்வரை.

மெஷினை லேப் மேசைக்குக் கொண்டுவந்து மாவு போட்டு, கௌசல்யாவைச் சுற்றச் சொன்னேன். தப்பான பக்கம் திருப்பினாள். என் கை தானாக நீண்டது. இழுத்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். அவளே குனிந்து கீழ் பஞ்சைப் பார்த்தாள், யோசித்தாள், மறுபக்கம் திருப்பினாள். மாத்திரை வந்தது, பாதி மேல் பஞ்சிலேயே ஒட்டிக்கொண்டு.

"கெட்டுப்போச்சுங்க மேடம்."

"ஏன் இப்படி வந்துச்சு, சொல்லு."

ஜன்னலுக்கு வெளியே மரம் தெரியாத அளவுக்கு மூடுபனி. அதைப் பார்த்தாள். "மாவுல ஈரம் ஏறிருச்சுங்களா?"

"காய வச்சுட்டு மறுபடி போட்டுப் பாரு."

பின்னால் மற்ற பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். உன் போட்டோவை மணி அண்ணன் அந்த மேசைக்கு மேலேயே மாட்டினார். பிய்ந்த மாத்திரை ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் போனது. இத்தோடு இந்த மடலை முடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ரம்யா நினைவு வந்தது. ஓசூரில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். போன் செய்து, "லீவுக்கு ஊருக்கு வந்தா லேபுக்கு வாம்மா. மெஷின வெளிய எடுத்துட்டேன். நீ சுத்திப் பார்க்கலாம்" என்றேன்.

"பரவால்லீங்க மேடம். இங்கயே பழகிட்டனுங்க" என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "மொத நாள் எந்தப் பக்கம் திருப்பறதுன்னு தெரியாம முழிச்சேனுங்க. எல்லாரும் ஒரே சிரிப்பு. இப்பப் பரவால்லீங்க" என்றாள்.

அழுதாயா என்று கேட்கத் தேவையில்லை. உன் மெஷினை உன் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரம்யாவுக்கு அந்த முதல் நாளை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. சோப்பு போட்டுக் கழுவிய பிறகும் என் நகக்கண்ணில் அந்த எண்ணெய் வாசம் இருக்கிறது. இருக்கட்டும்.