யார் வீட்டுக் கட்டைத் தூக்கப் போனே?

என்னைத் தோளில் சுமந்து திருவிழா காட்டின முத்தண்ணனுக்கு,

மலையில் பெய்த மழைக்கு ஓடை பெருகி உன்னைக் கொண்டுபோய் ஒன்பது மாசம் ஆச்சு. இப்போ சனிக்கிழமை சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பள்ளிக்கூட ஹாலில், வெள்ளத்தில் ஆளையோ வீட்டையோ பறிகொடுத்த நம்ம தெருப் பொம்பளைகளை வட்டமா உக்கார வச்சுப் பேசச் சொல்றாங்க. மதுரையிலிருந்து ஒரு மேடம் வாராங்க. மனசுல உள்ளதைப் பேசுனா பாரம் குறையுமாம். டீயும் வடையும் வேற. சும்மா யாருண்ணே வடை வாங்கித் தருவா?

மேடம் மடியில் ஒரு நோட்டு இருக்கு. யார் பேசும்போது எழுதுதாங்கன்னு பாத்துக்கிட்டே இருப்பேன். ஒருநாள் டீ எடுக்கிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். எங்க பேரு மட்டும்தான் இருந்துச்சு. மிச்சத்தை வீட்டுக்குப் போய் எழுதுவாங்களோ?

முதல் வாரம் முடிஞ்சதும் ஒருத்தியும் வாய் திறக்காம எழுந்திரிச்சு நடையக் கட்டிட்டோம். கோவத்துல போறோம்னு மேடம் பதறிப்போனாங்க. சாவு விழுந்த துட்டி வீட்டுல 'போயிட்டு வாரேன்'னு சொல்லக்கூடாது, இன்னொரு சாவைக் கூப்பிட்ட மாதிரி ஆயிரும்னு செல்விதான் விளக்கிச் சொன்னா. பக்கத்து வீட்டுச் செல்வி.

உண்மையைச் சொல்லணும்னா, நோட்டை விட எனக்குப் பயம் அவ மேலதான்.

அன்னைக்கு விடியக்காலையில தண்ணி வாசப்படி ஏறினதும் எங்க ரெண்டு வீட்டையும் நீதானே மேட்டுக்குக் கூட்டிட்டு வந்தே. நான் சும்மா இருந்திருக்கலாம். "அண்ணே, கூலிக்கு மடிச்ச பேண்டேஜ் துணிக்கட்டு வீட்டுக்குள்ள கிடக்கு. நனைஞ்சா ராஜபாளையத்துக் கம்பெனியில எடுக்க மாட்டாக"ன்னேன். "இந்தா வாரேன்"னு இறங்கிட்டே. காய்ஞ்ச துணிக்கட்டுன்னா ஒரு கையில தூக்கிரலாம். தண்ணி குடிச்சா ரெண்டு ஆளு வேணும். அதை ஏன் விடாமப் பிடிச்சிருந்தே?

ஊர்ல எல்லார்கிட்டயும் நீ ஆட்டை அவுக்கப் போனதாத்தான் சொல்லி வச்சிருக்கேன். அந்த ஆடு நமக்கு முன்னாலேயே மேடேறி நின்னது செல்விக்குத் தெரியும். வட்டத்துல எனக்கு எதிர்க்க உக்காந்து வாராவாரம் என் மூஞ்சியவே பாப்பா. என்னைக்காவது போட்டு உடைக்கப் போறான்னு வடையைக் கடிக்காம கையிலயே வச்சிருப்பேன்.

போன சனிக்கிழமை அவ பேசினா.

"முத்தண்ணன் ஆட்டுக்காகப் போகலை, மேடம்"னு ஆரம்பிச்சா. நான் வடையைக் கீழ வச்சுட்டேன். "என் துணிக்கட்டை எடுக்கத்தான் போனாக. அவிய இறங்கும்போது பின்னாலயே போய், எங்க வீட்டுக் கட்டை எடுத்தாந்துருங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன். பேச்சி காதுல அது விழுந்திருக்குமோன்னு பயந்துக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் அவ மூஞ்சியப் பாத்தேன்."

என் காதுல விழலைண்ணே. சத்தியமா விழலை.

முதல்ல எனக்குக் கோவம் வந்துச்சு. பொறவு சந்தேகம். அவ நெசத்தைச் சொல்றாளா, என் பாவத்தைத் தன் தலையில எடுத்துப் போட்டுக்கிறாளா? உன்னைக் கண்டெடுத்தப்போ கையில துணி சுத்தியிருந்துச்சு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனித் துணி. எதை வச்சுக் கண்டுபிடிக்க?

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன்: "நீ சொன்னது நெசமா ஏட்டி?"

"நீ ஆடுன்னு சொன்னியே, அது நெசமா?"ன்னு திருப்பிக் கேட்டா.

வெள்ளத்துக்குப் பொறவு அவ தளவாய்புரத்துல தன் ஆத்தா வீட்டுல இருக்கா. நான் ராஜபாளையத்துலயே இறங்கணும். இறங்கினவ, என்ன தோணுச்சோ, ஜன்னல் பக்கம் போய் "போயிட்டு வாரேன், செல்வி"ன்னேன். அவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நானும் அழுதேன். கண்டக்டர் விசில் ஊதிட்டாரு.

அவ சொன்னது பொய்யாவே இருக்கட்டும்ணே. வர்ற சனிக்கிழமை நான் நெசத்தைச் சொல்லிருவேன். மேடம் நோட்டுல எழுதினாலும் எழுதிக்கிடட்டும். அந்த ஆட்டை இனிமே இழுக்க மாட்டேன். இது உனக்கு நான் குடுக்கிற வாக்கு.

கரையேறின உன்னைத் திருப்பி அனுப்பின தங்கச்சி,
பேச்சியம்மாள்