அப்பாவின் இடது பக்கம்

மே 2

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். அழகுக்காக ஒரு சொல்கூடச் சேர்க்க மாட்டேன். பயண நூல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் தினமும் அழகான சூரிய அஸ்தமனம் எப்படி வாய்க்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

நாளை ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். அப்பா சுற்றுலாக் கம்பெனியில் ஓட்டுநர். யார் யாரையோ அங்கே கூட்டிப்போய்க் கூடாரத்தில் தங்கவைத்திருக்கிறார். எங்களை ஒருமுறைகூட இல்லை. இந்த விடுமுறைக்கு முதலாளி ஜீப்பைக் கொடுத்திருக்கிறார்.

"நாலு சக்கரமும் இழுக்கும். செவுத்துலகூட ஏறும்" என்றார் அப்பா.

"முதல்ல நம்ம கேட்டுல இடிக்காம வெளிய எடுங்க" என்றாள் அம்மா. போன வாரம்தான் எங்கள் சின்னக் காரின் இடது கண்ணாடி கேட்டில் உரசி உடைந்தது.

மே 3

முன்சீட்டு எனக்கு! அப்பாவே கூப்பிட்டார். "புத்தகத்தைச் சத்தமா வாசிக்கிற மாதிரி ரோட்டை வாசிச்சுக்கிட்டே வா. இடது பக்கம் மட்டும் போதும்."

வாசித்தேன். "கல். பள்ளம். ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டியின் அம்மா."

"முற்றுப்புள்ளியையும் சேத்துச் சொல்லுடி" என்று பின்சீட்டிலிருந்து அம்மா கிண்டல் செய்தாள்.

வளைவு வருவதற்கு முன்னாலேயே அப்பா, "இப்போ வலப்பக்கம் ஒரு பெரிய பாறை வரும் பாரு" என்பார். வரும். எனக்குப் பெருமையாக இருந்தது.

அப்புறம் ஆறு. வரிசையாக எழுதுகிறேன்.

வண்டியை ஆற்றில் இறக்கும்முன் ஒருவர் நடந்து ஆழம் பார்க்க வேண்டும். அது அப்பாவின் சட்டம். எப்போதும் அவரேதான் நடப்பாராம். இன்று முழங்கால் வலி என்றார். அம்மா ஒரு கோலை ஊன்றிக்கொண்டு இறங்கினாள். பாதி ஆற்றில் நின்று கையை உயர்த்தினாள். நிறுத்து. போன மழையில் பாறைகள் இடம் மாறியிருந்தன. அவளுக்கு முன்னால் பெரிய பள்ளம்.

அப்பா வண்டியை இறக்கினார். பழைய தடம் எங்கே திரும்புமோ அங்கே இடது பக்கம் ஒடித்தார். அங்கேதான் அம்மா நின்றாள். கையை உயர்த்தியபடியே நின்றாள். நான் கல்லைத்தானே சொல்ல வேண்டும், அம்மாவை எதற்குச் சொல்வது, அவருக்குத் தெரியாதா என்ன —

"அப்பா! அம்மா!"

வண்டி நின்றபோது அம்மா கையை நீட்டினால் பானெட்டைத் தொட்டுவிடலாம்.

"என்னங்க, ஆள் மேலயே ஏத்தப் பாத்தீங்க!" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"வெயில் கண்ணுல அடிச்சுது."

வெயிலே இல்லை. வானம் முழுக்க மேகம்.

மே 4

கூடாரம் இருக்கிறது, ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது. ஒன்றையும் ரசிக்க முடியவில்லை.

காலையில் அம்மா குளிக்கப் போயிருந்தபோது, டீ டம்ளரை அப்பாவின் இடது தோளுக்குப் பக்கத்தில் நீட்டினேன். "டீ போட்டாச்சாம்மா?" என்று நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார். நீட்டியபடியே இருந்தேன். விரல் சுட்டது.

"இங்கேப்பா."

முகம் முழுவதும் திரும்பியது. "சோதிச்சுப் பாக்குறியா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஒரு வருஷமாகவே இடது பக்கம் திரை இழுத்த மாதிரி இருக்கிறதாம். இந்த வழி மனப்பாடம் என்பதால் சமாளித்துவிட்டாராம். "கம்பெனிக்குத் தெரிஞ்சா சாவியைப் பிடுங்கிடுவாங்க. அம்மாகிட்ட மூச்சு விடாதே. நீ பக்கத்துல இருந்தா போதும், ஓட்டிடுவேன்."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

சாயங்காலம் முகாம்காரர் வந்தார். "மேல நல்ல மழை. காலையில கிளம்பிடுங்க. இல்லேன்னா ஆறு விடுறப்போதான் போக முடியும்." ஆற்றின் சத்தம் நேற்றைவிடக் கனத்திருக்கிறது.

நாளை நான் ஒரு சொல்லை விட்டுவிட்டால்? தும்மல் வந்தால்? சரி, நாளை தப்பித்துவிடுகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த வாரம் அந்த ஜீப்பில் வேறு ஒரு குடும்பம் ஏறும். அவர்களில் ஒருவர் ஆற்றில் இறங்கி நடப்பார். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன்.

மே 5, காலை

சொல்ல மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்தேன். வாசிப்பேன் என்று கொடுக்கவில்லை.

மே 5, மாலை

முகாம்காரர் கோலோடு முன்னால் இறங்கினார். தண்ணீர் அவர் தொடை வரைக்கும் வந்தது.

"வாசிம்மா" என்றார் அப்பா.

நான் வாயைத் திறக்கவில்லை.

"இடது பக்கம் என்ன?"

பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்படியே வண்டியை நகர்த்திவிடுவாரோ என்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி ஆச்சு உனக்கு? அப்பா கேக்குறாரு இல்ல?" என்றாள் அம்மா.

அப்பா என்ஜினை நிறுத்தினார். ஆறு மட்டும் இரைந்தது. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே அம்மாவிடம் சொன்னார்: "எனக்கு இடது பக்கம் தெரியலை."

"அப்போ முந்தாநாள்..." என்று ஆரம்பித்தாள் அம்மா. இறங்கி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க."

அம்மா ஓட்டியதெல்லாம் எங்கள் சின்னக் காரைத்தான், அதுவும் கடைத்தெரு வரைக்கும். அப்பா என் சீட்டுக்கு வந்தார். நான் பின்னால் போனேன். "முதல் கியர். தண்ணிக்குள்ள கிளட்சைத் தொடாதே. என்ன ஆனாலும் நிறுத்தாதே" என்றார். தண்ணீர் கதவில் மோதியது. என் காலடியில் கசிந்து வந்தது. வண்டியின் பின்பக்கம் சடாரென்று ஒருபுறம் இழுபட்டது. அம்மா ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். (உண்மையை எழுதுவதாகச் சொன்னேன்தான். அதை மட்டும் எழுத மாட்டேன்.) எனக்குப் பொறுக்கவில்லை.

"இடது பக்கம் கல்! இடது பக்கம் —"

"எனக்குக் கண்ணு இருக்குடி! வாயை மூடு!"

முதலில் சிரித்தது அப்பாதான். கரையேறிய பிறகும் சிரித்தார். அப்புறம் அது சிரிப்பாக இல்லை.

மே 9

கண் ஆஸ்பத்திரி. போன பார்வை திரும்பாதாம். மிச்சத்தைக் காப்பாற்றலாமாம். அப்பா என்னோடு இன்னும் பேசவில்லை.

மே 12

சாவியை யாரும் பிடுங்கவில்லை. அப்பாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் 20

அப்பாவுக்கு இப்போது அதே கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலை. அம்மாதான் காரில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவருகிறாள். இன்று இருட்டியபிறகுதான் வந்தார்கள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்தார். நான் போய் வேண்டுமென்றே இடது பக்கம் உட்கார்ந்தேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கையால் துழாவி என் தலையைத் தொட்டார். "இங்க யாரு?"

"நான்தான்."

"உங்கம்மா வண்டியில வாயே திறக்க விடமாட்டேங்குறா. நாளைக்கு நீயும் வா, பேச்சுத் துணைக்கு." அப்புறம் வாசலைப் பார்த்து, "கார் லைட்டை அணைக்கலை பாரு! பேட்டரி போயிடும்!" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

"தெரியும், தெரியும்" என்று முணுமுணுத்தபடி அம்மா சாவியோடு இறங்கிப்போனாள். காரின் முகப்பு விளக்குகள் அணைக்கப்பட்டன.