கப்பல் படத்தில் பன்னிரண்டாவது புள்ளி

பவானிபூர், கல்கத்தா
பரிதாபி வருஷம் தை மாதம் 12

சௌபாக்கியவதி பாகீரதிக்கு அப்பாவின் அநேக ஆசீர்வாதம். நானும் உன் அம்மாவும் இங்கே ஒரு குறைவுமில்லாமல் இருக்கிறோம், ரங்கூனில் நீயும் மாப்பிள்ளை வாஞ்சிநாதனும் குழந்தையும் அப்படியே இருக்கப் பகவானைப் பிரார்த்திக்கிறேன். உன் கடிதம் வந்தது, மறுபடி மசக்கை என்றும் எதுவும் வயிற்றில் தங்கவில்லை என்றும் படித்து எனக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வந்தன. வெந்நீரே குடி, மாடிப்படி ஏறி இறங்காதே. எனக்குப் பனியில் பிடித்த ஜுரம் விட்டுவிட்டது, ஆபீசுக்குப் போகிறேன், நாக்கு மட்டும் இன்னும் மண்ணாக இருக்கிறது. உப்பு நார்த்தங்காய் ஒரு துண்டு கேட்டேன், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள் உன் அம்மா.

நீ கப்பல் ஏறிய அன்று எடுத்த பிலிம் பதினான்கு மாதமாகக் காமிராவுக்குள்ளேயே கிடந்தது. இன்னும் இரண்டு படம் பாக்கி, எடுக்க மனம் வரவில்லை. போன ஞாயிறு ஆபீஸ் சிநேகிதர் சந்தானத்தோடு ரயிலேறி டாக்குரியா போய்க் குளத்தையும் வாத்தையும் எடுத்து அதை முடித்தேன். அன்று சாயங்காலமே சாமான் அறையை இருட்டாக்கிச் சிவப்பு விளக்கோடு கழுவ உட்கார்ந்தேன். நீ கதவோரம் நின்று பதினாறாம் வாய்ப்பாட்டை ஐந்து தரம் சொன்னால் பிலிமை மருந்திலிருந்து எடுக்கலாம் என்று நமக்கு ஒரு கணக்கு இருந்ததே, நடுவில் தும்மிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கி ஒரு பிலிமையே கரியாக்கினாயே, அதையெல்லாம் நினைத்துக்கொண்டு வாய்ப்பாட்டை நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஞாபகத்தில் கடைசி அலசலுக்குக் கை தவறி, அம்மா மடியாக வைத்திருந்த கங்கை ஜலக் குடத்தைச் சாய்த்துவிட்டேன். ஹைப்போ மருந்து பட்ட கையால் தொட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது ஒரு பக்கம். குடத்தின் அடியில் தங்கியிருந்த வண்டல் பிலிமில் ஒட்டிக் காய்ந்து, மொட்டைமாடி வெயிலில் காகிதத்தில் பதித்தபோது படம் முழுக்க வெள்ளைப் புள்ளி.

நீ குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கப்பல் தட்டில் நிற்கும் படம் அது. பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தூரிகை நுனியில் மசி தொட்டு ஒவ்வொரு புள்ளியாக மறைத்தேன். பதினொன்று முடிந்தது. பன்னிரண்டாவது, கப்பல்துறை ஜெட்டியின் ஓரத்தில் கப்பல் கயிறு கட்டும் கட்டைக்குப் பக்கத்தில். தூரிகையைக் கொண்டுபோனவன் நிறுத்தினேன். அது மண் இல்லை, ஒரு ஜாடியின் வாயில் கட்டிய வெள்ளைத் துணி வேடு. அந்த ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டு உன் அம்மா நிற்கிறாள்.

கைக்குழந்தையோடு கடல் தாண்டுகிறவளை வழியனுப்ப வரமாட்டேன் என்று அன்று காலை அவள் சமையலறையை விட்டு அசையாததும், அதை நீ மனதில் வைத்துக்கொண்டு இன்றுவரை எனக்கே கடிதம் எழுதிக் கடைசி வரியில் அம்மாவுக்கு நமஸ்காரம் என்று முடிப்பதும் எனக்குத் தெரியாதா. காமிராவை மார்பில் வைத்துக் குனிந்து பார்த்த என் கண்ணில் அவள் படவில்லை. நீயோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாய். படத்தை அவளிடம் காட்டினேன், வெகுநேரம் பார்த்தாள். நாம் வண்டியேறின பிறகு மனசு கேட்காமல், நீ மறந்து வைத்துவிட்டுப் போன நார்த்தங்காய் ஜாடியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வங்காளி மாஸிமாவோடு வந்தாளாம். அதுக்குள்ள கயித்தை அவுத்துட்டான், கூப்பிட்டேன், சங்கு ஊதின சத்தத்துல அவ காதுல விழலை, என்ன பண்ணச் சொல்றேள் என்றாள். எனக்கு முன்னே வீடு திரும்பி, ஒன்றும் நடக்காததுபோல் அடுப்படியில் உட்கார்ந்திருந்தவளைப் பார். எனக்கு அழுகை வந்துவிட்டது, உன்னிடம் ஒளிப்பானேன்.

பிறகு பரணிலிருந்து ஜாடியை இறக்கினாள். அதே வேடு, முடிச்சு அவிழவில்லை. ஜுரத்தில் கேட்டவனுக்கு இல்லை என்றாயே என்றேன். இருக்கறது அவளோடதுன்னா என்றாள்.

சந்தானம் செவ்வாய்க்கிழமைக் கப்பலில் ரங்கூன் வருகிறார், ஜாடியும் படமும் அவர் கையில் வரும். அந்தப் புள்ளியை நான் மறைக்கவில்லை. தினம் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள், குமட்டல் நிற்கும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் பிறக்கப்போகிற குழந்தையும் தீர்க்காயுசாக, மனக்குறை இல்லாமல் இருக்க எங்கள் இருவர் ஆசீர்வாதம். மறக்காமல் அடுத்த கடிதத்தை அம்மா பேருக்கு எழுது, நான் படித்துக் காட்டுகிறேன். எனக்குக் கடைசி வரியில் ஒரு நமஸ்காரம் போதும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மஹாதேவன்