தேர் வந்த தெரு

ஆடி மாதம், வெள்ளி இரவு.

இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். என் பேச்சு அச்சில் ஏறும் என்றேன், ஏறிவிட்டது. எங்கள் ஊர்த் திருவிழாவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற அக்கா மகள் செல்வி, கட்டுரையில் என்னை 'மூத்த சாட்சி' என்று எழுதியிருக்கிறாள். மதகடிப்பட்டு டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன்.

அதைப் படித்த எங்கள் காலனிப் பசங்கள், அம்மன் தேர் முன்பு போல நம் தெருவுக்கும் வரவேண்டும் என்று மனுக் கொடுத்துவிட்டார்கள். ஊர்த்தெருக்காரர்கள் முடியாது என்கிறார்கள். நாளைக்குத் தாசில்தார் முன்னால் பேச்சுவார்த்தை.

சாயங்காலம் செல்வி வந்தாள்.

"மாமா, நீதான் ஒரே சாட்சி. சின்ன வயசுல தேர் நம்ம தெருவுல வந்தத கண்ணால பாத்தேன்னு சொன்னியே, அத அங்கியும் சொல்லு."

"இன்னாடி பயம்? தாசில்தாரே எழுந்து நின்னு கேப்பாரு பாரு!"

"பொய்யின்னு ஆச்சுன்னா என் பட்டமும் போச்சு, நம்ம தேரும் போச்சு மாமா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் போனதும் இந்த நோட்டை எடுத்தேன்.

தேர் வந்ததே இல்லை. ஊர்த்தெரு முனையிலேயே திரும்பிவிடும். நாங்கள் தள்ளி நின்று பார்ப்போம். அன்றைக்கு ஆராய்ச்சிக்காக அவள் போனை நீட்டிக் கேட்டபோது, தள்ளி நின்றோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.