தீப்பெட்டியில் அனுப்பியிருக்கிறேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் இருக்கிறேன். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். சின்னவளுக்கு இருமல் விட்டதா?

இதோடு ஒரு தீப்பெட்டி வரும். பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதே. உள்ளே இருப்பது ஏதோ மிருகத்தின் பீ. மூக்கைப் பிடிக்காதே, காயவைத்துத்தான் கட்டியிருக்கிறேன். மிருகக்காட்சிச்சாலையில் கூண்டு கழுவுகிறவன் நீ, பார்த்ததும் சொல்லிவிடுவாய்.

தோட்டத்தில் உன் அத்தான் உட்கார்ந்து பல் விளக்குவாரே, அந்தக் கல்லின்மேல் கிடந்தது. இத்தனை பெரிய தோட்டத்தில் வேறு இடமே இல்லாத மாதிரி அங்கேதான். கழுவிவிட்டால் மறுபடியும் அங்கேயே. பக்கத்து வீட்டு லாரிக்காரனின் நாய்தான், வேறு யார்? பின்னால் ஆள் நிற்பதைப் பார்க்காமல் சந்தில் லாரியை எடுத்து என் குடியைக் கெடுத்தான். விபத்து என்று சொல்லி கோர்ட்டில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது செத்தவர் உட்கார்ந்த இடத்தையும் அவன் நாய் நாறடிக்கிறது.

சுவரோரம் நின்று அவனிடமே கேட்டுவிட்டேன். அவன் தலை நிமிரவில்லை. "நாயா இருக்காதுக்கா. அது போனா இப்படி நுனி முறுக்கிக்கிட்டு இருக்காது. நரியா இருக்கும்" என்றான். அக்காவாம். என்னை அப்படிக் கூப்பிட உலகத்தில் நீ ஒருத்தன் போதும்.

அவனுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அந்த நாய்தான் எல்லாம். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, முதல் வாய் அதற்கு வைத்த பிறகுதான் தான் தின்பான். பார்க்கப் பார்க்க என் வயிறு எரிகிறது. வெறிச்சென்று கிடக்கிற வீட்டுக்குள் நுழைவது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டும். எலிமருந்து வாங்கிச் சமையலறை மேல்தட்டில் வைத்திருக்கிறேன். கறியில் பிசைந்து சுவரோரம் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

குச்சியால் கிண்டிப் பார்த்தேன். மயிர் இருந்தது, பொடி எலும்பு இருந்தது, மீதியெல்லாம் அத்தி விதை. உன் அத்தான் நட்ட மரம், இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. அவர் வாயில் வைக்காததை நான் எப்படித் தின்பது என்று விழுந்த பழத்தையெல்லாம் அப்படியே விட்டுவிட்டேன். நாய் பழம் தின்னுமா? தின்னும் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தச் சனியன் இன்னமும் சாயங்காலமானால் நம் கேட்டில் வந்து படுத்துக்கொள்கிறது. வேலை விட்டு வரும்போது பிஸ்கட் போட்டுப் பழக்கினவர் உன் அத்தான். தெருமுனையையே பார்த்துக்கொண்டு கிடக்கும். விரட்டினால் எழுந்து போகும், திரும்ப வரும். நானே தெருவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன், இதற்கென்ன வந்தது?

தம்பி, பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாய் என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நரி என்றால் எழுதாதே. லீவு போட்டுவிட்டு நீயே வா. என்னிடம் ஒன்றும் கேட்காமல் நேராகச் சமையலறைக்குப் போய் அந்த மருந்தை எடுத்துக்கொண்டு போய்விடு. மேல்தட்டு எனக்கு எட்டுகிறது. உனக்கும் எட்டும்.

கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகுட்டிகளோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா