அப்பா சத்தத்தை அணைத்த இடம்

என் வக்கீலம்மாவுக்கு, அம்மா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிக் கேட்காதே, உன்னுடையதும் அப்படித்தான் கிடக்கும் என்று தெரியும். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போய்வந்தால் அதுவே எனக்குப் போதும். நான் சலவைக் கடைக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டேன். முதலாளியம்மா இன்னும் கொஞ்ச நாள் வீட்டிலேயே இருங்கள் என்றாள், வீட்டில் இருந்தால் அப்பா உட்காரும் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்குச் சட்டைக் காலரைத் தேய்ப்பது மேல் என்று சொல்லிவிட்டேன். நேற்று அப்பாவுடையது போலவே நீலக் கோடு போட்ட சட்டை ஒன்று வந்தது. தேய்த்து, பொத்தான் போட்டு, மடித்து வைத்த பிறகுதான் அழுதேன், அதனால் வாடிக்கையாளர் தப்பித்தார்.

போன வாரம் அந்த டி.வி. தொடரின் கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டுப் போனில் என்னிடம் அப்படிச் சண்டை போட்டாயே, கதை முழுக்க ஓட்டை என்று, என்னவோ நான்தான் எழுதினேன் என்பது போல. செத்துப்போன விண்வெளிக்காரர் இயந்திரம் வழியாக ஆவியாகத் திரும்பி வருகிறார், சுவருக்குள் புகுந்து போகிறார், அப்புறம் ஏன் தன் வீட்டு வாசலில் மட்டும் நின்று கதவைத் தட்டுகிறார் என்றாய். பெண்டாட்டி ஏன் ஒரு கேள்வியும் கேட்காமல் தட்டை எடுத்து வைக்கிறாள் என்றாய். வேறு கிரகத்தில் தனியாக இருக்கிற மகளிடம் ஏன் ஒரு தடவைகூடப் போகவில்லை என்று கேட்டாய், நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாய்.

இதற்கெல்லாம் பதில் சொல்கிறவர் அப்பாதான். சொல்கிற அழகுதான் உனக்குத் தெரியுமே, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்துவிட்டு விளக்க ஆரம்பிப்பார், அதற்குள் கதை எங்கேயோ போயிருக்கும், பாதி ஓட்டை அவர் போட்டதாகத்தான் இருக்கும். இப்போது நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கதவு விஷயம் சுலபம். சட்டைப்பையில் சாவி கிடந்தும் அப்பா ஒரு நாளாவது தானாகத் திறந்துகொண்டு வந்தாரா, நான் வந்து திறக்க வேண்டும் என்றுதானே தட்டுவார். அந்தப் பெண்டாட்டி கேள்வி கேட்காததும் சரிதான். எங்கே போனீர்கள் என்று கேட்டால், பதிலைச் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாரோ என்று பயம். நானாக இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன், உட்காருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

மூன்றாவதற்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. மாடி வீட்டு நர்ஸிடம் சொல்லி முதல் பகுதியைத் தேடிப் போடச் சொன்னேன், நீ கிளம்புவதற்கு முன்னால் நாம் மூன்று பேரும் சேர்ந்து பார்த்தது. இந்தத் தடவை சத்தத்தை யாரும் அணைக்கவில்லை. அந்த இயந்திரத்தைச் செய்த பெண் தெளிவாகச் சொல்கிறாள்: “உசிரோட இருந்தப்போ கால் பட்ட இடத்துக்குத்தான் அவரால திரும்பி வர முடியும்.” அன்றைக்கு அந்த இடத்தில் அப்பா சத்தத்தை அணைத்துவிட்டு, இயந்திரத்துக்குக் கரண்டு எங்கிருந்து வருகிறது என்று உனக்கு விளக்கிக்கொண்டிருந்தார், நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கதையில் ஓட்டை இல்லையடி, நாம்தான் கேட்கவில்லை.

அந்த மகளுடைய கிரகத்துக்கு அவர் உயிரோடு இருந்தபோது போனதே இல்லை. உன் வீட்டை மட்டும் அப்பா எப்போது பார்த்தார்? போனில் தெரிகிற அடுப்படிச் சுவரும் பாதி ஜன்னலும்தான். பாஸ்போர்ட் எடுத்து வைத்துக்கொண்டு அடுத்த லீவுக்கு, அடுத்த லீவுக்கு என்றார், நீயும் பெரிய வீடாகப் பார்த்த பிறகு வாருங்கள் என்றாய், யார் மேலும் தப்பில்லை. கடைசியில் அவர் கண்ணை மூடியபோது உனக்கும் நேரத்துக்கு விமானம் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு உன் மேல் கோபம், அதனால்தான் கனவில்கூட வரவில்லை என்று நர்ஸிடம் சொல்லி அழுதாயாமே, என்னிடம் சொல்லக் கூடாதா? கோபமெல்லாம் இல்லை கண்ணு. அவருக்கு அங்கே வர வழி தெரியாது. இனி வீட்டுக்கு வந்து என்ன இருக்கிறது என்று கேட்டாய் அல்லவா, அவர் கால் பட்ட இடமெல்லாம் இங்கேதான் இருக்கிறது, நீதான் வர வேண்டும்.

நாற்காலியை நான் நகர்த்தவில்லை. ரிமோட்டில் அந்த ஒரு பொத்தான் மட்டும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, நீ வந்து தொட்டுப் பார். நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும், அப்பாவுக்கும் சேர்த்து நானே சொல்கிறேன். டிக்கெட் எடுத்ததும் தகவல் சொல். வரும்போது, கையில் சாவி இருந்தாலும் கதவைத் தட்டு.

திறக்கக் காத்திருக்கும்
உன் அம்மா